ஊசிக்கு முன்னும் பின்னும்

பெறாமகளே,

தாதியர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாய், ஸ்காபரோவிலேயே புற்றுநோய் வார்டில் வேலையும் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா ஃபோனில் சொன்னாள். சந்தோஷத்தோடு அவளுக்கு ஒரு பயமும் இருந்தது. "அக்கா, மோர்ஃபின் எல்லாம் இவளின்ரை கையிலை குடுப்பினமே?" என்று கேட்டாள். கொடுப்பார்கள். பழகும் கிழமையிலேயே கொடுப்பார்கள். அளவுக் கணக்கும், பம்பை ஓட்டும் விதமும், எந்தப் படிவத்தில் எங்கே ஒப்பமிடுவது என்பதும் அங்கே படிப்பிப்பார்கள். அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி கையில் இருக்கும்போது நீ எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்பதை யாரும் பாடமாக எடுக்க மாட்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன். வரிசையைப் பெரிதாக எடுக்காதே, நினைவு வந்தபடி இலக்கம் போட்டிருக்கிறேன்.

1. முதலில், இந்த மருந்துக்குப் பயப்படாதே. பயம் என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவைப் பார். உலகத்துக்கே அபின் பயிரிட்டுக் கொடுத்த நாடு. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. கணக்கில் ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் மறியலுக்குப் போகவேண்டி வருமோ என்ற பயத்தில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் மோர்ஃபினை வாங்குவதையே விட்டுவிட்டன. வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோவாக இருந்த பாவனை 1997இல் 18 கிலோவுக்கு இறங்கியது. அவ்வளவு பெரிய நாட்டில் புற்றுநோய்க்காரர் வலியோடேயே போனார்கள். கேரளத்தில் டொக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் வருடக்கணக்காக வாதாடினார்கள். 2014இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

எங்கள் ஊருக்குச் சட்டம் தேவைப்படவில்லை, சண்டையே போதும். 1990களில் இலங்கையின் வடக்குக்கு ஒரு பெட்டி மருந்து வந்து சேர்வதே பெரும்பாடு. வலிக்கு மருந்து இல்லாத வார்டில் இரவு வேலை செய்தவள் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மோர்ஃபினைக் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே டொக்டர் எழுதிய அளவைப் பார்த்து, "இவ்வளவு வேண்டாம், அரைவாசி போடுவோம்" என்று உன் பயத்துக்காக நீயாகக் குறைக்காதே. அளவு கூடிப்போனது என்று உனக்குப் பட்டால் ஃபோனை எடுத்துக் கேள். பேசாமல் குறைப்பவளைக் கவனமானவள் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். இரவு முழுக்க அந்த வலியை அனுபவிப்பது அவள் அல்லவே.

2. பயப்படாதே என்றேன். பழகிப்போகாதே என்றும் சொல்ல வேண்டும். இது அதைவிடக் கடினம்.

மோர்ஃபின், ஹைட்ரோமோர்ஃபோன் என்று இரண்டு மருந்து. பெயர் ஒன்றுக்குள் ஒன்று. குப்பியும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஊசியில் 2 மில்லிகிராம் ஹைட்ரோமோர்ஃபோன் ஏறக்குறைய 10 மில்லிகிராம் மோர்ஃபினுக்குச் சமம். ஐந்து மடங்கு. 2004இல் அல்பேர்ட்டாவில் ரெட் டீர் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு வந்த முதியவர் ஒருவருக்கு 10 மில்லிகிராம் மோர்ஃபின் போடச் சொன்னார்கள். போடப்பட்டது 10 மில்லிகிராம் ஹைட்ரோமோர்ஃபோன். அவரை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். அவர் இறந்துபோனார். இங்கே ரொறன்ரோவில் இருக்கிற ஐ.எஸ்.எம்.பி. கனடா என்ற மருந்துப் பாதுகாப்பு நிறுவனம் அதை ஆராய்ந்து அறிக்கை எழுதியது. 'யார் செய்தது' என்பதோடு நிற்காமல், அந்த இரண்டு குப்பியும் ஏன் அப்படிக் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன, போட்டவுடன் ஒருவரை ஏன் வீட்டுக்கு விட்டார்கள் என்றெல்லாம் அந்த ஆராய்ச்சி கேட்டது. எனக்கு அதில் பிடித்தது அதுதான்.

இன்று ஹைட்ரோமோர்ஃபோன் பெயரின் முற்பகுதியை லேபிளில் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். ஒரு குப்பியில் மொத்தம் 2 மில்லிகிராமுக்கு மேல் ஹைட்ரோமோர்ஃபோன் இருந்தால் அதைச் சாதாரண வார்டு லாச்சியில் வைக்கக் கூடாது என்று வைத்தியசாலைத் தர விதியும் இருக்கிறது. ஆனால் கவனி: உன்னுடையது புற்றுநோய் வார்டு. பெரிய அளவு தேவைப்படும் நோயாளிகள் அங்கே இருப்பதால் விலக்குப் பெற்றுச் செறிவு கூடிய குப்பிகளையும் வைத்திருப்பார்கள். மற்ற வார்டுத் தாதிக்கு லாச்சியே காவல், உனக்கு உன் கண்தான் காவல். எடுக்கும்போது ஒரு தரம் வாசி, ஊசிக்குழாயில் இழுக்கும்போது ஒரு தரம் வாசி, கட்டிலடியில் நின்று ஒரு தரம் வாசி. மூன்றாவது தரம் வாசிக்கும்போது அலுப்பு வரும். அலுப்பு வரத்தான் செய்யும், வாசி. வார்டில் எல்லோரும் ஹைட்ரோமோர்ஃபோனை டிலோடிட் என்று வியாபாரப் பெயரில் சொல்வார்கள். நீயும் சொல்வாய். எழுதும்போது மட்டும் முழுப் பெயரை எழுது.

3. புள்ளிக்கு முன் பூச்சியம் போடு, புள்ளிக்குப் பின் வெறும் பூச்சியம் போடாதே. அரை மில்லிகிராமை 0.5 என்று எழுது. முன் பூச்சியம் இல்லாவிட்டால் புள்ளி கண்ணில் படாமல் ஐந்தாகிவிடும். ஒன்றை 1 என்று எழுது, 1.0 என்று எழுதினால் பத்தாகிவிடும். மில்லிகிராமும் மில்லிலீட்டரும் வேறு வேறு. களைத்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும் நேரம் விடியப்புறம் நான்கு மணி.

4. இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார். "அக்கா, இது 2 மில்லிகிராம்தானே, ஒப்பம் போடுங்கோ" என்று குழாயைத் தூக்கிக் காட்டினால், அவள் பார்ப்பது குழாயை அல்ல, உன் சொல்லை. விடையை முதலே சொல்லிவிட்டுச் சரிபார்க்கக் கேட்பது ஒரு மரியாதைச் சடங்கு. கட்டளையையும் குப்பியையும் கொடு, வாயை மூடிக்கொண்டு நில். அவள் தானே கணக்குப் போட்டுத் தன் எண்ணைச் சொல்லட்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பெரியவர்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இரவில் களைத்துப்போன டொக்டர் ஒருவர் ஃபோனில் அளவைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒருமுறை ஒரு புதுப் பிள்ளை, வேலைக்கு வந்து சில மாதம்தான், "ஒன்று, ஐந்து என்றா சொல்கிறீர்கள்?" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்டாள். அந்தப் பக்கம் எரிச்சல்பட்ட குரல் வெளியே நின்ற எனக்கே கேட்டது. அவள் அசையவில்லை. எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டி, "சரிதானே" என்று கேட்ட பிறகுதான் ஃபோனை வைத்தாள். அவளுக்குக் கை நடுங்கியதையும் பார்த்தேன். நடுங்கிக்கொண்டே கேட்கலாம். உன்னை ஒரு இளையவள் அப்படித் திருப்பிக் கேட்கும் காலமும் வரும். அப்போது முகத்தைச் சுளிக்காதே. நீ ஒருநாள் சுளித்தால் அவள் அடுத்த நாள் கேட்க மாட்டாள்.

5. போட முன் ஆளை அறி. இதற்கு முன் இந்த வகை மருந்து எடுத்தவரா, எடுக்காதவரா? வயது என்ன? சிறுநீரகம் எப்படி? மோர்ஃபின் உடைந்து வரும் பொருட்கள் சிறுநீரகத்தால்தான் வெளியேற வேண்டும். அது பழுதாகியிருந்தால் அவை உடம்பில் சேரும். ஆள் மயங்குவார், குழம்புவார், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். அதை வலி என்று நினைத்து இன்னும் போட்டால் நிலைமை மோசமாகும். வாயால் எடுத்த அளவை அப்படியே ஊசியில் போடக் கூடாது. மோர்ஃபினுக்கும் ஹைட்ரோமோர்ஃபோனுக்கும் பொதுவாக வாய் வழி அளவில் அரைவாசிதான் ஊசிக்கு. நித்திரையில் மூச்சு அடைக்கும் வருத்தம் உள்ளவரா என்று கேள். வேறு நித்திரைக் குளிசை, நரம்பு வலிக் குளிசை எடுக்கிறாரா என்று கேள்.

குடியையும் கேள். எங்கள் ஐயாமார் மனைவி பக்கத்தில் இருக்கும்போது உண்மை சொல்ல மாட்டார்கள். "எப்பவாவது விசேஷத்துக்கு" என்பார்கள். அன்ரியைத் தேத்தண்ணி குடிக்கக் கீழே அனுப்பிவிட்டுத் திரும்பக் கேள், விசேஷங்கள் கூடிவிடும்.

6. வலியை எண்ணில் கேட்கச் சொல்வார்கள், பூச்சியத்திலிருந்து பத்து வரை. கேள். ஆனால் ஸ்காபரோ வார்டில் படுத்திருக்கிற எங்கள் அம்மம்மாவிடம் அது வேலை செய்யாது. "ஒண்டும் இல்லைப் பிள்ளை, தாங்கலாம்" என்பாள். தாங்குவதைப் பெருமையாகச் சொல்லி வளர்த்த தலைமுறை. பங்கருக்குள் பிள்ளை பெற்றவளிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அவள் எதோடு ஒப்பிட்டுச் சொல்வாள்? நீ அவளின் நெற்றியைப் பார். போர்வை நுனியைக் கை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார். பக்கம் திருப்பும்போது மூச்சை நிறுத்துகிறாளா, காலையில் சாப்பாட்டைத் தொட்டாளா, பூசைப் படத்தைத் திரும்பிப் பார்த்தாளா? இவ்வளவும் பதில்தான்.

மகனை வைத்து மொழிபெயர்க்காதே. மகன் நல்லவன்தான். ஆனால் அம்மாவுக்கு நோகிறது என்று தன் வாயாலேயே சொல்ல அவனுக்கு மனம் வராது. அல்லது மருந்து கூடினால் முடிவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, "அவவுக்குப் பரவாயில்லையாம்" என்று உன்னிடம் சொல்வான். உனக்குத் தமிழ் தெரியும், நேரே அவளிடம் கேள். தமிழ் தெரியாத தாதிக்கு வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லிக் கொடு.

வலி உச்சிக்கு ஏறிக் கத்தட்டும், பிறகு போடுவோம் என்பதுதான் பழைய வழக்கம். அதை மாற்றியவர் லண்டனில் சிசிலி சான்டர்ஸ். தாதியாகத் தொடங்கி, பிறகு டொக்டராகி, 1967இல் செயின்ட் கிறிஸ்ரோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தவர். வலி திரும்பி வரமுன் நேரம் வைத்து மருந்து கொடு என்பதே அவர் வழி. நேரத்துக்குக் கொடுத்தால் மொத்த அளவும் அடங்கி நிற்கும், ஆளும் அடுத்த ஊசியை நினைத்து ஏங்கிக் கிடக்க மாட்டார். மணி தவறாதே. தேத்தண்ணி இடைவேளை பத்து நிமிடம் பிந்தலாம்.

7. வயிறு போனதா என்று கேள். வெட்கப்படாதே. இந்த வகை மருந்து எதுவும் குடலைக் கட்டும், அதற்குப் பழக்கமாவது என்பது இல்லை. முதல் நாளே மலமிளக்கி எழுதியிருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் கேட்டு எழுதுவி. வலி அடங்கியும் வயிறு கட்டியதால் வேதனைப்பட்டவர்கள் ஏராளம்.

8. போட்டபின் போய்விடாதே.

இதை நீளமாகச் சொல்லப் போகிறேன், பொறு. ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. நாளத்தில் போட்டால் பத்து இருபது நிமிடத்தில் மருந்து உச்சத்துக்கு வரும். தோலுக்குக் கீழே போட்டால் அரை மணியிலிருந்து ஒரு மணி. ஆபத்து வரும் நேரம் அதுதான், நீ வேறு கட்டிலடியில் நிற்கும் நேரமும் அதுதான். மூச்சு திடீரென்று நிற்பதில்லை. முதலில் மயக்கம் கூடும், பிறகுதான் மூச்சுக் குறையும். ஆகவே எண்ணைவிட முதலில் ஆளைப் பார். உன்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வசனத்தின் நடுவில் கண் சொருகுகிறதா? கூப்பிட்டால் விழித்து, பதில் முடிக்கமுன் திரும்ப மூழ்குகிறாரா? அப்படியென்றால் அடுத்த ஊசி இல்லை. பொறுப்புத் தாதியைக் கூப்பிடு, டொக்டரைக் கூப்பிடு.

மூச்சை எண்ணுவதென்றால் முழு நிமிடம் எண்ணு. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதே. எழுப்ப முன் எண்ணு. தொட்டு எழுப்பினால் யாரும் இரண்டு மூச்சு நன்றாக விடுவார்கள், நீ ஏமாந்து போவாய். பத்துக்குக் கீழே போனால் தனியாக நின்று யோசிக்காதே. விரலில் மாட்டிய ஒட்சிசன் கருவி நல்ல எண் காட்டுகிறதென்று நம்பி நிற்காதே. மூக்கில் ஒட்சிசன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சுக் குறைந்து வெகுநேரம் ஆன பின்னும் அது நல்ல எண்ணைக் காட்டும்.

ஒரு மத்தியானம். சத்திரசிகிச்சை முடிந்த ஐயா ஒருவர். இரண்டு இரவு நித்திரையில்லாமல் இருந்த மனிதர் ஊசிக்குப் பிறகு பெரிய குறட்டையோடு உறங்கினார். மனைவிக்கு அவ்வளவு ஆறுதல். "இப்பதான் நித்திரை கொள்ளுறார், எழுப்பாதேங்கோ தங்கச்சி" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். குறட்டை விட்டு விட்டு வந்தது, இடையில் நிசப்தம். நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப் பாதையை அடைக்கும் சத்தம் அது. எழுப்பினேன். எழும்பவில்லை, உலுக்கினேன், கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிட்டேன். மனிதர் பிழைத்தார். அந்த அம்மா பிறகு என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை, நான் கத்தியதற்காக. அது பரவாயில்லை. வீட்டாரின் முகம் கோணுமே என்று நோயாளியை எழுப்பாமல் விடுகிற நல்ல பிள்ளையாக இருக்காதே.

9. நோயாளி தானே அமத்தி மருந்து எடுக்கும் பம்ப் இருக்கிறதே, அந்தப் பொத்தான் அவருடையது மட்டும். அதன் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது: மயங்கிய ஆளால் அமத்த முடியாது, அமத்தாவிட்டால் மேலதிக மருந்து ஓடாது. "அம்மா நித்திரையிலை முனகினவ, அதுதான் நான் அமத்தினனான்" என்று ஒரு மகன் அன்போடு சொல்வான். அந்த அன்பு அவனுடைய அம்மாவின் கடைசிக் காவலைக் கழற்றிவிடுகிறது. முதல் நாளே, வீட்டார் எல்லோரும் நிற்கும்போது, திட்டாமல் விளக்கிச் சொல். கட்டிலடியில் தமிழிலும் எழுதி ஒட்டு. நீயும் அமத்தாதே.

10. நலொக்சோன் எங்கே இருக்கிறது என்று வேலை தொடங்கும் முதல் மணியிலேயே பார்த்து வை. அது மோர்ஃபினைத் தள்ளிவிட்டு மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரைதான். மோர்ஃபின் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். எழும்பிக் கதைத்த ஆள் திரும்ப மூழ்கலாம். அதனால் "சரி வந்திட்டார்" என்று விட்டுப் போகாதே. நாட்பட்ட புற்றுநோய் வலிக்கு மருந்து எடுப்பவருக்கு முழு அளவையும் ஒரேயடியாகப் போட்டால் அடக்கிவைத்த வலி முழுக்க ஒரே நேரத்தில் திரும்பும். அங்கே டொக்டர் சிறிது சிறிதாகத்தான் போடச் சொல்வார். வெளியில் இந்த மாகாணத்தில் 2016 முதல் மருந்தகங்களில் நலொக்சோன் பெட்டி இலவசம். மூக்கில் அடிக்கும் வகை இப்போது கிடைக்கிறது. ஒன்று வாங்கி உன் காரில் வை. உன் அம்மா ஏனென்று கேட்டால் என்னோடு கதைக்கச் சொல்லு.

11. கணக்கு. வேலை மாறும்போது குப்பிகளை எண்ணுவதையும், மிச்சத்தை இன்னொருவர் முன்னிலையில் கொட்டுவதையும் உன் மேலுள்ள சந்தேகம் என்று எடுக்காதே. கோயில் உண்டியலை எப்போதும் இரண்டு பேர் இருந்துதான் எண்ணுகிறார்கள், பொருளாளர் கள்ளன் என்பதற்காக அல்ல. கண்ணால் காணாத கொட்டலுக்கு ஒப்பமிடாதே. "நான் அவசரத்திலை கொட்டிட்டன், நீ போட்டு விடு" என்று உன் மிக நல்ல சிநேகிதி கேட்டாலும் போடாதே.

என்னோடு வேலை செய்த ஒருத்தி அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கெட்டிக்காரி, எல்லோருக்கும் உதவுகிறவள். அவளுடைய நோயாளிகளுக்கு மட்டும் ஊசிக்குப் பிறகும் வலி அடங்குவதில்லை என்பதை ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மருந்தை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள், முதுகு நோவில் தொடங்கியது என்று பிறகு தெரிந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது வருத்தம், வைத்தியம் உள்ள வருத்தம். ஆனால் அன்பினால் ஒப்பமிட்டவர்கள்தான் அவளை அவ்வளவு தூரம் போக விட்டவர்கள். உன் தோழியில் அப்படி ஒன்றைக் கண்டால் மேலே சொல். உனக்கே ஒருநாள் அந்தக் குப்பியைப் பார்க்கும்போது மனம் வேறு விதமாகப் பேசினால், அன்றைக்கே யாரிடமாவது வாய் திறந்து சொல். என்னிடம் சொல்லலாம், நடுச்சாமமானாலும்.

12. தெருவில் ஊசி போடுகிறவனும் ஒருநாள் உன் கட்டிலுக்கு வருவான். 2016 முதல் இந்த நாட்டில் இந்த வகைப் பொருட்களின் நச்சால் இறந்தவர்கள் 50,000க்கு மேல். பெரும்பாலும் கள்ளச் சந்தை ஃபென்டனிலால். ரொறன்ரோவில் 2017 கோடையில் மொஸ் பார்க்கில் தன்னார்வலர்கள் அனுமதியில்லாமலே கூடாரம் போட்டு, ஊசி போடுகிறவர்களின் பக்கத்தில் காவல் இருந்தார்கள். அதே வருடம் நகர சுகாதாரப் பிரிவும் விக்டோரியா வீதியில் ஒரு நிலையம் திறந்தது. பிறகு மாகாணச் சட்டம் மாறி, பள்ளிக்கூடங்களுக்குக் கிட்ட இருந்த நிலையங்கள் 2025 மார்ச்சோடு மூடவேண்டி வந்தது. அதில் உனக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். என் கருத்து, பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஆள் சாகாமல் தப்பலாம் என்பது. எட்டாவதில் உனக்குச் சொன்னதும் இதுதான்.

கட்டிலில் அவன் வலி என்று சொன்னால் நம்பு. பழகிய உடம்புக்குச் சாதாரண அளவு போதாது. பழக்கத்தை விட அவன் எடுக்கும் மெதடோன் மருந்தை நிறுத்திவிட்டு வலி மருந்தையும் குறைத்தால், அவன் பாதி வைத்தியத்தில் எழும்பிப் போய்விடுவான். "மருந்துக்கு அலையிறான்" என்ற சொல்லை வேலை மாறும் நேரத்துக் கதையில் நீ சொல்லாதே. அந்த ஒரு சொல் அடுத்த மூன்று தாதிகளின் காதை மூடிவிடும். அவன் எங்கள் பிள்ளையாகவும் இருப்பான். வீட்டில் "சுகமில்லை" என்று மட்டும் சொல்லி மறைப்பார்கள். அந்த வீட்டாருக்கு இதையும் சொல்லிவிடு: ஆள் மயங்கிக் கிடந்தால் 911க்கு அடிக்கப் பயப்பட வேண்டாம். அழைத்தவரையும் கூட இருந்தவரையும் போதைப்பொருள் கையில் வைத்திருந்த குற்றத்துக்கு இழுக்கக் கூடாது என்று 2017இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்திருக்கிறது.

13. மருந்து பிந்தினாலும், பிழை நடக்கப் பார்த்தாலும், எழுது. தவறாக எடுத்து, போடமுன் கண்டுபிடித்துத் திரும்ப வைத்த குப்பியையும் அறிவி. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும். அடுத்த வார்டில் அதே குப்பியை இன்னொருத்தி எடுத்துக்கொண்டிருப்பாள்.

14. கொஞ்ச வருடத்தில் நீ வீட்டுப் பராமரிப்புக்கு மாறினாலும் மாறுவாய். ரொறன்ரோவில் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையின் ரெமி லட்னர் நிலைய டொக்டர்மார் போல, சாகக் கிடப்பவரை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வார்டு இல்லை, லாச்சி இல்லை. தோலுக்குக் கீழே ஒரு சின்னக் குழாய், மேசையில் ஒரு மருந்துப் பெட்டி, ஊசி போடப் பழகிய ஒரு மகள். நீ போன பிறகு இரவில் போடுவது அவள்தான்.

அவளுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதே. குழாய்களில் மருந்தை அளந்து இழுத்து, ஒவ்வொன்றிலும் பெயரும் அளவும் ஒட்டிக் கொடு. நிறம் வேறுவேறாக ஒட்டு. கொப்பியில் கோடு போட்டு நேரம், அளவு, ஏன் போட்டது என்று எழுதப் பழக்கு. உன் முன்னால் ஒரு தரம் போடச் சொல்லிப் பார். எந்த நேரமும் கூப்பிடும் இலக்கத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டு. பெட்டிக்குப் பூட்டுப் போடு. வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடித்திரிவார்கள். பார்க்க வருகிறவர்களில் யார் யாரென்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் முதல் நாளே அவளிடம் சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் மூச்சு மாறும். விட்டு விட்டு வரும், தொண்டையில் இரையும், நீளமாக நிற்கும். அது நோயின் போக்கு. எத்தனையோ வீட்டில், எட்டுச் செலவு முடிந்த பிறகு ஒரு மகள் என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறாள்: "மூண்டு மணிக்கு நான்தான் போட்டனான். நாலரைக்குப் போட்டா. என்ரை ஊசியாலையோ?" ஏதோ ஒரு ஊசி கடைசி ஊசியாகத்தான் இருக்கும், பிள்ளை. அது யார் கையால் என்பது வெறும் நேரக் கணக்கு. முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் போட்ட அதே அளவு, அதே இடைவெளி. அவளுடைய கொப்பியைத் திறந்து அந்த வரிகளை விரலால் தொட்டுக் காட்டு. அதற்காகத்தான் அந்தக் கொப்பி. ஆனால் அம்மா போன பிறகு சொன்னால் அது ஆறுதல் வார்த்தை போலத்தான் கேட்கும். அம்மா உயிரோடு இருக்கும்போதே, முதல் ஊசியை அவள் கையில் கொடுக்கமுன், "இப்படி ஒரு நாள் வரும், அப்போது நீ இதைக் கேட்பாய்" என்று சொல்லி வை.

எல்லாம் முடிந்த அன்று மிச்சக் குப்பிகளையும் குழாய்களையும் வீட்டார் ஒருவர் முன்னால் எண்ணி எழுது. மருந்தை எந்த மருந்தகம் திரும்ப எடுக்கும் என்று எழுதிக் கொடு. முடிந்தால் அன்றே யாரையாவது கொண்டுபோகச் சொல். பாவித்த ஊசிகள் போட்ட பெட்டியை மூடி இறுக்கு. செத்தவீட்டுக்குச் சனம் வரத்தொடங்க முன் அந்த மேசை வெறுமையாக இருக்க வேண்டும்.